அல்சூர் ‘குளத்து மேட்டுச் சந்து’ எங்கே? பழைய படத்தை இன்றைய படத்தின்மேல் பொருத்தித் தேடுகிறேன்

அல்சூர் கோதை | சனி, காலை 10.12

எல்லோருக்கும் வணக்கம். பரணைச் சுத்தம் செய்தபோது தாத்தாவின் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. 1949, தை மாதம். மூலையில் தடவிய மஞ்சள் இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டு விலாசம் இப்படி அச்சாகியிருக்கிறது: ‘குளத்து மேட்டுச் சந்து, அல்சூர், சி. அண்டு எம். ஸ்டேஷன், பெங்களூர்’.

அந்த வீட்டைத் தாத்தா 1950களிலேயே காலி செய்துவிட்டார். அப்பாவுக்கு அது நினைவில்லை. இன்றைய அல்சூரில் அந்தப் பெயரில் சந்து எதுவும் இல்லை. கைப்பேசி வரைபடத்தில் தட்டினால் தமிழ்நாட்டில் எங்கோ இருக்கும் ஒரு குளத்து மேட்டுக்கு வழி காட்டுகிறது, ஏழு மணி நேரப் பயணமாம்.

‘குளம்’ என்றால் அல்சூர் ஏரியாகத்தான் இருக்கும் என்று நினைத்து, 1920களின் பயணக் கையேடு ஒன்றில் வந்த பெங்களூர் நகரப்படத்தை இறக்கினேன். அதைப் பாதி ஒளிபுகும்படி செய்து இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்தேன். ஏரி நகர்ந்து போய்ப் பழைய மெட்ராஸ் ரோட்டின்மேல் படுத்துக்கொண்டது. அதை இழுத்துச் சரிசெய்தால் டிரினிட்டி சர்ச் எங்கோ போய்விடுகிறது. இரண்டு இரவுகள் போயின.

இதை முறையாகச் செய்தவர்கள் யாராவது சொல்லித் தாருங்கள். நான் கணக்காளர். வரைபடம் பற்றித் தெரிந்ததெல்லாம் வடக்கு மேலே இருக்கும் என்பதுதான்.

---

மின்மினி | சனி, காலை 10.40

கோதை, படத்தைக் கையால் இழுத்துப் பொருத்துவது ஆகாத காரியம். மேப் வார்ப்பர் போன்ற இலவசத் தளங்கள் இருக்கின்றன. பழைய படத்தில் ஓர் இடத்தைத் தொட்டு, இன்றைய படத்தில் அதே இடத்தைத் தொட வேண்டும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு இடங்களைக் காட்டிக்கொடுத்தால் மீதியை அதுவே நீட்டி வளைத்துக்கொள்ளும். கணினியில் செய்ய விருப்பமிருந்தால் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இருக்கிறது. அதுவும் இலவசம், ஆனால் முதல் வாரம் அழ வைக்கும்.

பொருத்திய பிறகு யூமேப் என்ற இணையத் தளத்தில் ஏற்றிவிடுங்கள். தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடித்தளமாக வைத்து, உங்கள் குறிகள், புகைப்படம், பத்திரிகையின் படம் எல்லாவற்றையும் அடுக்கடுக்காக வைக்கலாம். தொட்டால் விவரம் திறக்கும். வீட்டில் உள்ளவர்களுக்கு இணைப்பு அனுப்பினால் போதும்.

ஓர் எச்சரிக்கை, நான் பட்டது. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில்தான் இன்று கண்டீரவா ஸ்டேடியம் நிற்கிறது, தெரியுமல்லவா? உற்சாகத்தில் அந்த ஏரியை அப்படியே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்து நீலம் பூசிவிட்டேன். இரண்டாம் நாள் இன்னொரு தன்னார்வலர் அழித்துவிட்டார். அவர் செய்தது சரி. இன்று தரையில் இருப்பதை மட்டுமே அங்கே வரைய வேண்டும், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கூட அதைப் பார்த்துத்தான் ஓட்டுவார். மறைந்துபோனவற்றை வரைய ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்று தனியாக ஒன்று இருக்கிறது. தொடங்கிய ஆண்டு, முடிந்த ஆண்டு இரண்டையும் கொடுத்தால், காலப் பட்டையை நகர்த்தும்போது ஏரி தோன்றி மறையும்.

---

சங்கிலிக்காரர் | சனி, பிற்பகல் 1.05

கோதை அம்மா, நான் 31 வருடம் நில அளவையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் ஏரி ஏன் ரோட்டில் ஏறியது என்று சொல்கிறேன்.

முதல் காரணம், நீங்கள் ஏரிக்கரையையே ஆதாரப் புள்ளியாக எடுத்திருப்பீர்கள். அதைச் செய்யாதீர்கள். ஏரியின் ஓரம் மழைக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று. பெங்களூரில் மண் கொட்டுவதற்கு ஒன்று என்று மூன்றாவதும் உண்டு. நகராதவற்றைப் பிடியுங்கள். சோமேஸ்வரர் கோயில் கோபுரம், டிரினிட்டி சர்ச், செயின்ட் மார்க்ஸ் சர்ச், 1864இல் போட்ட ஜோலார்பேட்டை–கண்டோன்மென்ட் ரயில் பாதை. ரோடு சந்திப்புகளில் பழையவற்றை மட்டும் எடுங்கள். புள்ளிகள் படம் முழுவதும் பரவியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் எம்.ஜி. ரோட்டிலேயே வைத்தால் அல்சூர் ஓரம் ரப்பர்போல இழுபடும்.

இரண்டாவது, பயணக் கையேட்டுப் படம் ஒரு மடிப்புத்தாள். அதை வரைந்தவர் துரைமார்கள் ஹோட்டலிலிருந்து கிளப்புக்குப் போகத்தான் வரைந்தார். சந்துகளை அங்கே தேடுவதில் பயனில்லை. சர்வே ஆஃப் இந்தியாவின் தாள்களைப் பாருங்கள். பெங்களூருக்கு 57 ஜி/12, 57 எச்/9 என்று முக்கியமாக இரண்டு. 13 டிகிரி அட்சக்கோடு ஊரை வெட்டிக்கொண்டு போவதால் ஃபிரேசர் டவுன் பக்கம் வந்தால் தாள் மாறிவிடும். அல்சூர் 57 எச்/9இல் வரும். பழையவை ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல், அதாவது 63,360இல் ஒரு பங்கு. பின்னால் வந்தவை 50,000இல் ஒரு பங்கு.

இங்கே ஒரு குழி இருக்கிறது. அந்தத் தாள்களின் ஓரத்தில் அட்ச, தீர்க்க எண்கள் அச்சாகியிருக்கும். அவற்றை அப்படியே இன்றைய ஜிபிஎஸ் எண்கள் என்று எடுத்துக்கொண்டால், படம் மொத்தமும் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் உட்காரும். அக்காலத்தில் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் நீள்கோளம் என்ற கணக்கை வைத்துக்கொண்டார்கள். ஜிபிஎஸ் வைத்திருப்பது டபிள்யூஜிஎஸ் 84. மென்பொருளில் எது என்று சரியாகச் சொல்லிவிட்டால் அது மாற்றிக்கொள்ளும். சொல்லாவிட்டால் கோயில் பக்கத்துத் தெருவில் இருக்கும், நீங்கள் அந்தக் காலத்து ஆளைத் திட்டுவீர்கள். பாவம், வெயிலில் சங்கிலி இழுத்தவன் அவன்.

சங்கிலி என்றதும் ஒன்று. கர்நாடகத்தில் நிலம் அளந்தது 33 அடிச் சங்கிலி. 33க்கு 33 சதுரம் ஒரு குண்டா, 1,089 சதுர அடி. 40 குண்டா ஒரு ஏக்கர். உங்கள் தாத்தா வீட்டுப் பத்திரம் கிடைத்து அதில் குண்டா என்று இருந்தால் கணக்குப் போட உதவும். கண்டோன்மென்ட் பக்கத்துப் பத்திரங்களில் பெரும்பாலும் சதுர அடியே இருக்கும்.

---

அல்சூர் கோதை | ஞாயிறு, காலை 7.30

ஐயா, நன்றி. நேற்றிரவு பதினான்கு புள்ளிகள் வைத்துத் திரும்பச் செய்தேன். சர்ச் சர்ச்சின்மேல் உட்கார்ந்தது, கோயில் கோயிலின்மேல். அந்தக் கணத்தில் அம்மாவை எழுப்பிக் காட்டினேன், திட்டு வாங்கினேன்.

ஆனால் சந்து கிடைக்கவில்லை. ஏரியைச் சுற்றி ஒரு பர்லாங்குக்குள் இருக்கும் ஒவ்வொரு கோட்டையும் பார்த்துவிட்டேன். ஒரு பக்கம் முழுக்க ராணுவ நிலம், மெட்ராஸ் சாப்பர்கள். இன்னொரு பக்கம் தமிழ்ச் சங்கம், திருவள்ளுவர் சிலை. அண்ணாசாமி முதலியார் ரோட்டை ஒட்டி ஏதாவது சந்து இருந்திருக்குமா என்று இப்போது யோசிக்கிறேன்.

---

கல்தச்சன் | ஞாயிறு, காலை 9.15

தேடலில் எழுத்துக்கூட்டலைக் கவனியுங்கள். இந்த ஊரில் வ–ப மாற்றம் ஒரு பெரிய வலை. டொம்ளூர் சொக்கநாதர் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் அந்த ஊரின் பெயர் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வருகிறது. அதே கோயில் கல்வெட்டு ஒன்று விண்ணமங்கலத்து ஏரியைச் சொல்கிறது. விண்ணமங்கலம் எங்கே என்று வரைபடத்தில் தட்டினால் ஆம்பூர்ப் பக்கம் ரயில் நிலையத்தைக் காட்டும். வகரத்தைப் பகரமாக்கி, பின்னமங்களா என்று தேடிப் பாருங்கள். டொம்ளூரிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம், இந்திரா நகருக்குள் வந்து நிற்பீர்கள்.

மடிவாளா சோமேஸ்வரர் கோயில் கல்வெட்டில் வேப்பூர் என்று வருவது பேகூர். அதே இடத்தில் ‘வெங்காலூர்’ பெரிய ஏரி என்று வருவதைப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மயிர்க்கூச்செறியும். ஊரின் பெயரே ஒரு தமிழ் வாக்கியத்துக்குள் இருக்கிறது.

பி.எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட எபிகிராபியா கர்நாடிகா என்ற கல்வெட்டுத் தொகுப்பின் 9ஆம் தொகுதி பெங்களூர் மாவட்டத்துக்கானது. தாலுகாவாரியாக எண் போட்டு ஊர் ஊராக அடுக்கியிருப்பார். அதை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கல்வெட்டையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டே வருகிறேன், நான்காவது வருடம். மிதிக் சொசைட்டி என்ற பெங்களூர் வரலாற்று ஆய்வு அமைப்பின் குழு 2021 முதல் கற்களை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து வருகிறது. அந்தப் படத்தில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால், நேரில் விரலால் தடவியும் புரியாத எழுத்து மேலெழுந்து வரும். சில இடங்களில் வரைபடத்தில் புள்ளி இருக்கும், கல் இருக்காது. அபார்ட்மென்ட் இருக்கும்.

---

குறும்பன் | ஞாயிறு, காலை 11.02

அப்படிப் போடுங்கள். இந்தப் புள்ளிகளை மொத்தமாக ஒரே படத்தில் சிவப்பில் போட்டு வெளியிடுங்கள் கல்தச்சன். யாருடைய ஊர் என்று எல்லோரும் பார்க்கட்டும்.

---

கல்தச்சன் | ஞாயிறு, காலை 11.20

போடலாம். கூடவே பேகூர் நாகேஸ்வரர் கோயில் நடுகல்லையும் போட வேண்டும். கி.பி. 890ஐ ஒட்டியது, ‘பெங்களூரு’ச் சண்டையைச் சொல்வது, கன்னடம். ஹெப்பாளில் கிடைத்த கிட்டய்யா நடுகல் அதற்கும் முந்தியது, சுமார் கி.பி. 750, அதுவும் கன்னடம். தெலுங்குக் கல்வெட்டுகளும் உண்டு. இவற்றை அடுக்கிலிருந்து அணைத்துவிட்டுத் தமிழ்ப் புள்ளிகளை மட்டும் எரியவிட்டால் சிவப்பாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். மற்றதை அணைத்துவிட்டுக் கன்னடத்தை மட்டும் எரியவிட்டாலும் அப்படியே இருக்கும். பொத்தான் ஒன்றுதான், யார் விரல் என்பதில்தான் வித்தியாசம்.

இன்னொன்று. ஒரு கல்வெட்டு தமிழில் இருந்தால் அதை வெட்டச் சொன்னவர் தமிழில் எழுதினார் என்று பொருள். டொம்ளூர்க் கல்வெட்டுகளில் வரும் வீர ராமநாதன், கன்னட நாட்டு ஒய்சள மரபில் வந்த மன்னர். ஒய்சளரை எந்த நிறத்தில் போடுவீர்கள்?

---

குறும்பன் | ஞாயிறு, காலை 11.31

நான் விளையாட்டாகத்தான் சொன்னேன்.

---

நெறியாளர் | ஞாயிறு, காலை 11.45

விளையாட்டு இத்துடன் போதும். கோதையின் சந்துக்குத் திரும்புங்கள்.

---

ராஜம், ஜெயநகர் | ஞாயிறு, மாலை 4.50

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. மேலே நீங்கள் பேசுகிற மென்பொருள் எதுவும் எனக்குத் தெரியாது, பேரன் இழையைப் படித்துக் காட்டினான். ஒரு சந்தேகம் மட்டும்.

கோதை, உங்கள் பத்திரிகையில் ‘குளத்து மேடு’ என்று இருக்கிறது. நீங்கள் ஏரிக்கரையில் தேடுகிறீர்கள். 1949இல் தமிழில் பத்திரிகை அடித்த ஒரு குடும்பம் அல்சூர் ஏரியை ஏன் குளம் என்று சொல்லப்போகிறது? ஏரி பாசனத்துக்கு, குளம் குளிக்க. அல்லது கோயிலுக்கு. ஊருக்கு ஊர் இது மாறும், திருநெல்வேலிப் பக்கம் பாசன நீர்நிலையையும் குளம் என்பார்கள். ஆனால் அல்சூருக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஆற்காடு, வேலூர் பக்கம். அங்கெல்லாம் ஏரி ஏரிதான். ‘ஏரிக்கரை’ என்பார்கள், ‘ஏரி மேடு’ என்றுகூடச் சொல்லலாம். ‘குளத்து மேடு’ என்றால் எனக்குக் கோயில்தான் கண்ணில் தெரிகிறது.

உங்கள் தாத்தாவின் பூர்வீகம் எது?

---

அல்சூர் கோதை | ஞாயிறு, மாலை 5.04

ஆரணி, அம்மா.

---

கல்தச்சன் | ஞாயிறு, மாலை 5.10

ராஜம் அம்மா, நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்கு எதிரே 2010இல் தோண்டியபோது, மண்ணுக்கடியில் மூடிக் கிடந்த கல்யாணி, அதாவது கோயில் குளம், வெளிப்பட்டது. படிக்கட்டுகளோடு. செய்தித்தாள்களில் வந்தது, நானே போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஏரி அங்கிருந்து தள்ளித்தான் இருக்கிறது. நாம் எல்லோரும் ஏரியைச் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

ஏன் நமக்குத் தோன்றவில்லை என்றும் தெரிகிறது. ஆங்கிலேயர் வரைபடங்களில் ஏரியும் ‘டேங்க்’, குளமும் ‘டேங்க்’. ஒரே சொல், ஒரே நீல நிறம். நாம் அந்தப் படத்தை வைத்துத் தேடியதால் அந்தப் படத்தின் மொழியிலேயே யோசித்துவிட்டோம்.

---

மின்மினி | ஞாயிறு, மாலை 5.25

அருமை! யூமேப்பில் இப்போதே புள்ளி வைத்துவிட்டேன். ‘குளத்து மேட்டுச் சந்து, 1949’. இணைப்பை எல்லோருக்கும் அனுப்பட்டுமா?

---

சங்கிலிக்காரர் | ஞாயிறு, மாலை 6.40

தம்பி, அந்தப் புள்ளியை எடுங்கள்.

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் வரைபடத்தில் புள்ளி என்பது ஒரு வாக்குமூலம். பார்ப்பவர் அதைப் பெரிதாக்கிக்கொண்டே போவார், கடைசியில் புள்ளி ஒரு வீட்டின் மாடிப்படியில் நிற்கும். ‘இந்த வீடுதான்’ என்று முடிவு கட்டிவிடுவார். நம்மிடம் இருப்பது ஒரு பெயரும், ஒரு தமிழாசிரியையின் நல்ல ஊகமும். அதற்குத் தகுந்த உருவம் வட்டம். கல்யாணியை மையமாக வைத்து நூறு மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள், ஓரம் மங்கலாக. விவரப் பெட்டியில் எப்படி வந்தோம் என்று எழுதுங்கள்: பெயரை வைத்து ஊகித்தது, ஆவணத்தை வைத்து அல்ல.

சர்வீஸில் இருந்தபோது ஒரு கிராமத்தில் ராஜகாலுவை, அதாவது பெரிய மழைநீர்க் கால்வாய், எங்கே போகிறது என்று தகராறு. யாரோ ஒருவர் நகல் எடுக்கும்போது கோடு ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது. அந்த நகலை நகல் எடுத்து, அதை ஸ்கேன் செய்து, கணினியில் வரைந்து, கடைசியில் கால்வாய் ஒருவர் சமையலறைக்குள் போய்க்கொண்டிருந்தது. திரையில் பார்க்கக் கோடு அவ்வளவு சுத்தமாக இருந்தது. கிழிந்த தாளில் இருந்திருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள்.

ஒரு வேலை சொல்கிறேன். திஷாங்க் செயலி இருக்கிறது, மாநிலத் தொலையுணர்வு மையம் செய்தது. நிற்கும் இடத்தின் சர்வே எண்ணைக் காட்டும். வருவாய்க் கிராமங்களாக இருந்த பகுதிகளுக்குத் தங்கம். பழைய ஏரிப் படுகை, காலுவை, கராபு நிலம் (சாகுபடிக்கு உதவாத நிலம்) எல்லாம் கிராம நக்ஷாவோடு (வரைபடத்தோடு) சேர்த்துப் பார்க்கலாம். கோரமங்கலா ஏரி நேஷனல் கேம்ஸ் வில்லேஜ் ஆனதை, செல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானம் ஆனதை அப்படித்தான் என் பேத்திக்குக் காட்டினேன். ஆனால் அல்சூர் போன்ற நெரிசலான பழைய குடியிருப்புக்கு அது அவ்வளவாக உதவாது. அங்கே சர்வே எண்ணைவிட முனிசிபல் கதவு எண் முக்கியம்.

---

ரபீக், சிவாஜிநகர் | ஞாயிறு, இரவு 9.30

முனிசிபல் என்றதும் ஒரு செய்தி. விலாசத்தில் ‘சி. அண்டு எம். ஸ்டேஷன்’ என்று இருப்பதை யாரும் கவனிக்கவில்லை. 1881இல் மைசூர் அரசை மகாராஜாவிடம் திருப்பிக் கொடுத்தபோது ஆங்கிலேயர் கண்டோன்மென்டைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அதுதான் சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன். 1947 ஜூலை 26 அன்று அதுவும் மைசூரிடம் திரும்பிவிட்டது. தாத்தாவின் கல்யாணம் 1949. அதாவது பத்திரிகை அடிக்கும்போது அந்த ஸ்டேஷனே இல்லை! எங்கள் வீட்டிலும் இப்படித்தான், 1960 வரை வாப்பா கடிதத்தில் அப்படியே எழுதிக்கொண்டிருந்தார். அதனால் ஆவணம் தேடப் போகிறவர்கள் நினைவில் வையுங்கள்: சிட்டி, கண்டோன்மென்ட் என்ற இரண்டு ஊருக்கும் 1862 முதல் இரண்டு முனிசிபாலிட்டிகள், 1949இல்தான் ஒன்றாயின. சிட்டி பக்கத்துப் பதிவேட்டில் அல்சூரைத் தேடி நாள்களை வீணாக்காதீர்கள்.

இப்போது என் அனுபவம். போன வருடம் என் தாயாரை வைத்து சிவாஜிநகர் வரைபடம் ஒன்று செய்தேன். அவருக்கு அது பிளாக்பள்ளிதான், இன்றுவரை. டேப்லெட்டில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து கொடுத்து ‘நம் பழைய வீடு எங்கே, காட்டுங்கள்’ என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துவிட்டு, ‘இது என்ன, மொட்டை மாடிகளா?’ என்று கேட்டார். பிறந்ததிலிருந்து ஊரைத் தரையிலிருந்து பார்த்தவருக்கு நான் காக்கையின் கண்ணைக் கொடுத்திருக்கிறேன்.

பிறகு முறையை மாற்றினேன். வடக்கு மேலே என்ற பிடிவாதத்தை விட்டேன். அவர் தினமும் நடந்த திசை மேலே வரும்படி படத்தைத் திருப்பினேன். செயற்கைக்கோள் படத்தை அணைத்துவிட்டு, மசூதி, மார்க்கெட், மீனாட்சி கோயில் தெரு, வீரப்பிள்ளைத் தெரு, இப்ராகிம் சாகிப் தெரு என்று அவருக்குத் தெரிந்தவற்றை மட்டும் பெரிய எழுத்தில் விட்டேன். ‘வீடு எங்கே’ என்றும் கேட்கவில்லை. தண்ணீர் எங்கே பிடித்தீர்கள், ரேஷனுக்கு எந்தப் பக்கம் போனீர்கள், இருட்டினால் எந்த மூலையைத் தாண்டப் பயப்படுவீர்கள் என்று கேட்டேன். ஒன்றரை மணி நேரம் விரல் நடந்தது. ஓல்டு புவர் ஹவுஸ் ரோட்டில் ஒரு திருப்பத்தில் விரல் நின்றுவிட்டது. அங்கே ஒரு வேப்பமரம், அதற்கு எதிரே வீடு. நான் கேட்காமலே வீடு வந்துவிட்டது.

கோதை, உங்கள் வீட்டில் அந்தச் சந்தில் வாழ்ந்தவர் யாராவது இருக்கிறார்களா?

---

அல்சூர் கோதை | ஞாயிறு, இரவு 10.05

தாத்தாவின் தங்கை இருக்கிறார். எனக்கு அத்தைப்பாட்டி. 86 வயது, காதும் ஞாபகமும் என்னைவிடக் கூர்மை. தாத்தா கல்யாணத்தின்போது அவருக்குப் பத்து வயது. அவரைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஏன் முதலில் தோன்றவில்லை என்று வெட்கமாக இருக்கிறது. கணினியைத் திறந்தேன், பாட்டிக்கு ஃபோன் செய்யவில்லை.

---

மின்மினி | திங்கள், காலை 8.10

வட்டமாக மாற்றிவிட்டேன் ஐயா. ஆரம் நூறு மீட்டர், ஓரம் மங்கல்.

இன்னொரு சந்தேகம், எல்லோரிடமும். கல்தச்சனின் நடுகற்களில் சில, யாருடைய காலி மனையிலோ குப்பையோடு கிடக்கின்றன. அவற்றின் துல்லியமான இடத்தைப் பொதுவில் போடலாமா? போட்டால் திருட்டுப் போகும் என்கிறார்கள்.

---

கல்தச்சன் | திங்கள், காலை 8.45

என் கணக்கில் போடாததால் போன கற்கள்தான் அதிகம். அஸ்திவாரம் தோண்டும்போது ஜல்லியோடு ஜல்லியாகப் போனவை. தெரிந்த கல்லுக்குப் பக்கத்து டீக்கடைக்காரராவது காவல். ஆனால் சின்னச் சிலைகள், கழற்றி எடுக்கக்கூடியவை என்றால் நான் ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொள்வேன். வாழும் மனிதர்களின் வீட்டு வாசல் என்றால் அதுவும் கிடையாது. கோதையின் வட்டத்துக்குள் இன்று வேறு குடும்பங்கள் இருக்கின்றன, அவர்கள் வீட்டுக் கதவைப் படம் எடுத்துப் போட வேண்டாம்.

---

ராஜம், ஜெயநகர் | திங்கள், முற்பகல் 11.20

சரியான பேச்சு. போகும்போது பூ வாங்கிக்கொண்டு போங்கள் கோதை, அத்தைப்பாட்டிக்கு.

---

அல்சூர் கோதை | அடுத்த ஞாயிறு, இரவு 8.15

போய்விட்டு வந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், மன்னியுங்கள்.

ரபீக் அவர்கள் சொன்னபடி, கோயில் கோபுரமும் பஜார் தெருவும் மட்டும் தெரிகிற படத்தை ஏ3 தாளில் அச்சடித்துக்கொண்டு போனேன். டேப்லெட் வேண்டாம் என்று தோன்றியது. அத்தைப்பாட்டி தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, தானே ஒரு சுற்றுத் திருப்பி வைத்துக்கொண்டார். தெற்கு மேலே வந்தது. ‘இப்போது சரி. நான் வாசலில் நின்றால் கோயில் இப்படித்தான் இருக்கும்’ என்றார்.

குளத்தில் தண்ணீர் இருந்ததா என்று கேட்டேன். பார்த்ததாக நினைவே இல்லையாம். ‘குளம் என்பது பெயர்தான். மேடு இருந்தது. மேட்டில் ஏறி நின்றால் தேர் நன்றாகத் தெரியும், அதற்கு அடித்துக்கொள்வோம்.’ அப்படியானால் ஏன் குளத்து மேடு என்று பெயர் என்று கேட்டதற்கு, ‘எங்கள் பாட்டி அப்படிச் சொன்னார், நாங்களும் சொன்னோம்’ என்றார். பத்திரிகையில் அந்தப் பெயரை அடித்தது தாத்தாவின் யோசனையாம். முனிசிபாலிட்டி கொடுத்த பெயர் வேறு, வெறும் ஒரு எண்ணும் ‘லேன்’ என்பதும். தாத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. தபால்காரர் தமிழர், எப்படி எழுதினாலும் வந்துவிடும் என்றாராம். எந்த வரைபடத்திலும் அந்தப் பெயர் ஏன் இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. அது தெருவில் இருந்தவர்கள் வாயில் மட்டும் இருந்த பெயர்.

பிறகு ஆட்டோவில் அல்சூருக்கே கூட்டிக்கொண்டு போனேன். கல்யாணி இருக்கும் இடத்தின் வேலியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார், ரொம்ப நேரம். ‘அட, படி இருக்கிறதே’ என்றார். எழுபத்தைந்து வருடங்களுக்கு முன் தான் ஏறி விளையாடிய மேட்டுக்குக் கீழே என்ன இருந்தது என்று அன்றுதான் பார்த்தார். பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த பெண்மணி, ‘என்ன பாட்டி, ஏதாவது விழுந்துவிட்டதா?’ என்று கேட்டார்.

வீட்டை அடையாளம் காட்ட முடியவில்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே விரலை நீட்டி, ‘இதற்கும் அதற்கும் நடுவே எங்கேயோ’ என்றார். நான் ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டேன், ஆனால் வரைபடத்தில் போடவில்லை. வட்டத்தை மட்டும் நூறு மீட்டரிலிருந்து நாற்பதாகக் குறைத்திருக்கிறேன். விவரப் பெட்டியில் இப்படி எழுதினேன்: ‘மக்கள் வழங்கிய பெயர். ஆதாரம்: 1949 கல்யாணப் பத்திரிகை, அங்கே வாழ்ந்த ஒருவரின் நினைவு.’ அத்தைப்பாட்டி தேரைப் பற்றிச் சொன்னதை ஒலிப்பதிவாகச் சேர்த்திருக்கிறேன், தொட்டால் பேசும். நடுவில் ஆட்டோ ஹாரன் வரும், வெட்டவில்லை.

சங்கிலிக்காரர் ஐயா, நாற்பது சரியா?

---

சங்கிலிக்காரர் | அடுத்த ஞாயிறு, இரவு 9.02

கேட்டேன் அம்மா, இரண்டு முறை. நாற்பது அதிக நம்பிக்கை. அறுபது போடுங்கள், அப்படியே வட்டத்தை ஒரு பத்து மீட்டர் கோயிலை விட்டு விலக்கி நகர்த்துங்கள். வாசலில் நின்றால் தேர் தெரியாது, மேட்டில் ஏற வேண்டியிருந்தது என்கிறார் அல்லவா? அப்படியென்றால் வீட்டுக்கும் தேர் வீதிக்கும் நடுவில் மேடு நின்றிருக்க வேண்டும்.

---

அல்சூர் கோதை | அடுத்த ஞாயிறு, இரவு 9.10

நகர்த்திவிட்டேன். அத்தைப்பாட்டிக்கு ஃபோன் செய்து மேடு எந்தப் பக்கம் என்று காலையில் கேட்கிறேன்.